பொற்கொல்லன் தீட்டிய ஓவியம்

மதுரை மாநகரில், பொற்கொல்லன் ஒருவனின் குடிலுக்கு அருகே, காற்சிலம்பு ஒன்றை விற்க வந்த வணிகன் காத்திருக்கிறான். மன்னனின் ஆணையைச் சுமந்துகொண்டு காவலர் வருகின்றனர். வந்தவர் அவன் முகத்தை நோக்குகின்றனர், தயங்குகின்றனர். இவனைக் கண்டால் கள்வனாகத் தோன்றவில்லையே என்ற ஐயம் அவர்களிடையே எழுகிறது. அந்தத் தயக்கம் இன்னும் சற்று நேரம் நீடித்திருக்குமானால் கோவலன் பிழைத்திருப்பான். கண்ணகியின் கண்கள் கலங்கியிரா.

நீடிக்கவில்லை. ஏன்? பொற்கொல்லன் நகைத்தான், பேசத் தொடங்கினான். என்ன பேசினான்? கோவலன் திருடியதைக் கண்ணாரக் கண்டேன் என்று சான்று கூறினானா? இல்லை! அவன் நிகழ்த்தியது ஒரு கலைச் சொற்பொழிவு. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகளைக் கள்வர் கையாளும் திறத்தை அழகழகாக விரித்துரைத்தான். உறங்கும் இளவரசனின் மார்பிலிருந்த ஆரத்தைக் கவரத் துணிந்த கைதேர்ந்த கள்வன் ஒருவனின் கதையையும் சுவைபடச் சொன்னான். அது கேட்ட இளங்காவலன் ஒருவன், மழைநாள் நள்ளிரவில் தான் கண்ட கள்வனின் கதையை எடுத்துவிட்டான். கதைக்கு மேல் கதை, சுவைக்கு மேல் சுவை! முடிவில், கல்வியறிவற்ற, கள்வெறி கொண்ட காவலன் ஒருவன் வாளை வீசினான். வணிகன் மண்ணில் சாய்ந்தான்.

கோவலனைக் கொன்றது வாள் என்பர். வாள் விழுமுன்பே அவனை ஓர் ஓவியம் கொன்றுவிட்டது. கள்வன் எப்படி இருப்பான், எப்படி நடப்பான், எப்படி மறைவான் என்று சொல்லால் தீட்டப்பட்ட ஓவியம். தீட்டியவன் யார்? அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லன்! கேட்டவர்கள் வருணனையைக் கண்டனர், வருணித்தவனைக் காணவில்லை.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஈண்டுப் பொற்கொல்லன் என்பது காப்பியத்துத் தனிமனிதன் ஒருவனையே குறிக்கும். உழைத்துண்ணும் ஒரு தொழிலினரை அன்று. அந்த ஒருவன் செய்த பிழைக்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பாண்டியன் பலியிட்டான் என்னும் செய்தியும் அதே காப்பியத்தில் வருகிறது. ஒருவனின் குற்றத்தை ஒரு கூட்டத்தின் நெற்றியில் எழுதும் கொடுமை அவ்வளவு பழையது! அக்கொடுமைக்குக் கலை துணைபோகலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

* * *

இன்று உலகப் பெருநகரங்களில் புதுவகைக் கண்காட்சிகள் பரவி வருகின்றன. சுவரில் மாட்டிய படத்தை எட்ட நின்று பார்ப்பது பழைய முறை. பார்ப்பவரைப் படத்துக்குள்ளேயே நடக்கவிடுவது புதிய முறை. நான்கு சுவரும் தரையும் கூரையும் காட்சியாகிவிடும். ஒலியும் ஒளியும் மணமும் சூழ்ந்துகொள்ளும். ஜப்பானில் யோக்கோஹாமா நகரில் 1994இல் திறக்கப்பட்ட ராமென் காட்சியகத்துக்குள் நுழைந்தால், 1958ஆம் ஆண்டின் எளிய நகர்ப்புறத் தெருக்கள் கண்முன் விரியும். நூடுல்ஸ் உண்டபடியே கழிந்துபோன காலத்தில் உலவலாம். அந்நாட்டு நிழலுலகையே களமாகக் கொண்டு செகா நிறுவனம் 2005இல் வெளியிட்ட விளையாட்டுத் தொடரில், வீட்டில் அமர்ந்தபடியே அடியாள் ஒருவனாகத் தோக்கியோத் தெருக்களில் திரியலாம். அடிவாங்கும் வலி மட்டும் இராது!

இவ்விரண்டையும் இணைத்து, போருக்குப் பிந்திய ஜப்பானின் நிழலுலகையே ஒரு நடந்துபார்க்கும் கண்காட்சியாக்கி, அதனை நம் வடசென்னைச் சடையங்குப்பத்தில், சரக்குப் பெட்டிகள் அடுக்கிய கிடங்கொன்றில் வைப்பதாக எண்ணிப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் கேள்வியைக் கூர்தீட்டும் கற்பனை. சிவந்த விளக்குகள் மின்னும் சந்து. முதுகு முழுவதும் பறவைநாகமும் அலையும் பச்சைகுத்திய மனிதனின் பேருருவம். இசை. புகை. பளபளக்கும் வாள். நுழைவுச்சீட்டு வாங்கியவர் சந்துக்குள் நடப்பார், உடல் சிலிர்ப்பார், படம் எடுப்பார், குளிரூட்டிய காரில் ஏறித் தென்சென்னைக்குத் திரும்புவார். கிடங்கின் மதிலுக்கு வெளியே, கொசஸ்தலையாற்றங்கரைக் குடிமகன் ஒருவன் நின்று அந்த வரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் அறியாத உண்மை ஒன்றுண்டு. உள்ளே வைக்கப்பட்டிருப்பது ஜப்பானியன் படம் மட்டுமன்று. அவன் படமுந்தான்!

எப்படி என்கிறீர்களா? அதற்கு முதலில் ஜப்பான் சென்று வரவேண்டும்.

* * *

1945 ஆகஸ்டு 15. ஜப்பான் சரணடைந்தது. ஊர்கள் சாம்பல், வயிறுகள் வெறுமை. பங்கீட்டுக் கடையில் கிடைத்த அரிசி உயிரைப் பிடித்து வைக்கப் போதவில்லை. சில நாட்களுக்குள்ளாகவே தோக்கியோவின் சிஞ்சுக்குப் பகுதியில், தெரு வணிகக் குழு ஒன்றின் தலைவனுடைய ஆட்சியில் திறந்தவெளிச் சந்தை எழுந்தது. அதுபோன்ற கள்ளச்சந்தைகள் நாடெங்கும் முளைத்தன. சட்டப்படி அவை குற்றம். ஆனால் அவற்றை நாடாமல் உயிர் வாழ்வது?

அதற்கும் ஒருவர் முயன்றார். யமகுச்சி யோஷிதாதா என்பவர் தோக்கியோவில் நீதிபதி. கள்ளச்சந்தையில் அரிசி வாங்கியோர், விற்றோர் வழக்குகளை விசாரிப்பது அவர் பணி. பகலில் அவர்களைத் தண்டித்துவிட்டு இரவில் அதே அரிசியை உண்ண அவர் மனம் ஒப்பவில்லை. பங்கீட்டு உணவை மட்டுமே உண்பதென உறுதிபூண்டார். 1947 அக்டோபரில், போதிய உணவின்றி மெலிந்து மாண்டார். சட்டத்தை முழுதாகக் கைக்கொண்ட மனிதனுக்குச் சாவுதான் பரிசு என்றால், அந்நாளில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் யார்? அரிசி விற்ற கிழவியா? மக்களைப் போரில் தள்ளிப் பட்டினியில் விட்டுவிட்ட ஆட்சியாளரா?

அந்தச் சந்தைகளை ஆண்ட குழுவினரைத்தான் உலகம் யாக்குசா என்கிறது. அச்சொல்லின் பிறப்பு சுவையானது. சீட்டாட்டத்தில் எட்டு, ஒன்பது, மூன்று எனச் சீட்டுகள் விழுந்தால் கூட்டுத்தொகை இருபது. ஆட்ட விதிப்படி இறுதி எண் மட்டுமே கணக்கில் சேரும். ஆகவே பயன் பூச்சியம். ஒன்றுக்கும் உதவாத சீட்டு! சமுதாயம் ஒன்றுக்கும் உதவாதவர் என ஒதுக்கிய மாந்தர், அவ்வசைச் சொல்லையே தம் பெயராக அணிந்துகொண்டனர்.

பச்சைகுத்தலும் அவ்வாறே. முன்னாளில் ஜப்பானிய அரசு, குற்றம் செய்தவரின் கையிலோ நெற்றியிலோ மைக்குறி பொறித்து அனுப்பியது. அந்தக் குறியை மறைக்க அதன்மேல் அழகிய ஓவியம் தீட்டிக்கொண்டோரும் உண்டு. 1872இல் அரசு ஓவியப் பச்சைக்கும் தடை விதித்தது. 1948இல்தான் தடை நீங்கியது. நம் நாட்டிலும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் கைதிகளின் நெற்றியில் பச்சை குத்தும் தண்டனை இருந்தது. 1849இல் அது ஒழிந்தது. கண்காட்சியில் நாம் வியந்து நோக்கும் அந்தப் பறவைநாகத்தின் அடியில் புதைந்து கிடப்பது அரசு பொறித்த வடு!

இனி, அக்குழுக்களில் சேர்ந்தவர் யாவர்? வீடிழந்தோர், போரிலிருந்து வெறுங்கையுடன் திரும்பியோர், வேலை மறுக்கப்பட்ட கொரியர், புராக்குமின் எனும் ஒடுக்கப்பட்டோர் எனப் பலர். புராக்குமின் யார்? தோல் பதனிட்டதற்காகவும், பிணம் புதைத்ததற்காகவும், இறைச்சி அறுத்ததற்காகவும் தீட்டு என ஒதுக்கப்பட்டவரின் வழிவந்தோர். நமக்கு விளக்கம் வேண்டுமா, தோழரே? நம் ஊர்ச் சேரியை அறிந்தவர்க்கு அந்த ஊரும் தெரிந்த ஊரே. 1871இல் அரசாணை ஒன்று அவர்களுக்குச் சட்டப்படி விடுதலை வழங்கியது. தாளில் வந்த விடுதலை தெருவுக்கு வரவில்லை. ஆகவே 1922இல் கியோத்தோவில் கூடிச் சுயிஹெய்ஷா எனும் சமத்துவச் சங்கத்தை அவர்களே அமைத்தனர். அதன்பின் அரை நூற்றாண்டு கழிந்தும், 1975இல் அதிர்ச்சி தரும் உண்மை வெளிப்பட்டது: புராக்குமின் வாழும் ஊர்ப் பெயர்களையும் இருப்பிடங்களையும் தொகுத்த மறைமுகப் பட்டியல் நூல்களை இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தன. எதற்கு? வேலை கேட்டு வருபவனின் முகவரியைப் பார்த்து, கதவை மெல்லச் சாத்துவதற்கு!

வேலைக் கதவைச் சாத்திவிட்டு, அவன் நிழலில் நுழைந்ததும், பார், அவன் பிறவியே அப்படி என்பார்கள். புராக்குமின் அனைவரும் நிழலுலகினர் என்று பேசுவோர் அந்நாட்டிலும் உண்டு. அது பொய், உழைத்து வாழும் பெருங்கூட்டத்தின்மீது வீசப்படும் சேறு. குழுக்களில் சிலர் சேர்ந்ததற்குக் காரணம் குருதியன்று, சாத்திய கதவு.

சரி, அந்தக் கத்திகள் எவருக்காக உயர்ந்தன? கோபே துறைமுகத்தில் 1915இல் சுமைதூக்குவோரைக் கூட்டி உருவான யமகுச்சிக் குழு, பின்னாளில் நாட்டின் மிகப் பெரும் குழுவாக வளர்ந்தது. துறைமுகத்தில் கூலிக்கு ஆள் பிடித்துத் தருபவனே அடியாட்களின் தலைவனுமானான். 1960இல் மீக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்ப முனைந்தது மிட்சுயி நிறுவனம். தொழிலாளர் மாதக்கணக்கில் போராடினர். அவ்வாண்டு மார்ச்சு 29ஆம் நாள், சுரங்க வாயிலில் நின்ற குபோ கியோஷி என்னும் தொழிலாளர் நிழலுலகக் குழுவினன் ஒருவனின் கத்திக்கு இரையானார். ஏழையின் கை, இன்னொரு ஏழையின் நெஞ்சு. ஆதாயம் இருவருக்கும் இல்லை!

1963இல் இக்குழுக்களில் ஏறத்தாழ 1,84,000 பேர் இருந்தனர் என்பது ஜப்பானியக் காவல்துறைக் கணக்கு. 1991இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2024இல் எண்ணிக்கை 20,000க்கும் கீழே இறங்கிவிட்டது. நிழலுலகம் சுருங்கச் சுருங்க, அதன் ஓவியம் மட்டும் உலகெங்கும் விரிகிறது! அச்சம் தந்தவன் அருகில் இல்லை என்ற உறுதி வந்தபின்தான் அவன் அழகனாகிறான் போலும்.

* * *

ஜப்பானியக் கலைஞர் அனைவரும் பொற்கொல்லராகவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

1960களில் தோயெய் நிறுவனம் வரிசையாகப் படங்கள் எடுத்தது. அவற்றில் அடியாள் பண்பின் சிகரம். ஏழைக்கு இரங்குவான், வாக்குத் தவறான், இறுதியில் தனியொருவனாய் வாளேந்திச் செல்வான். மக்கள் மயங்கினர். 1973இல் கிஞ்சி ஃபுகசாகு எனும் இயக்குநர் அந்த மயக்கத்தைக் கலைத்தார். சிறுவனாக இருந்தபோது போர்த்தளவாட ஆலையில் வேலைசெய்து, குண்டுவீச்சில் சிதறிய பிணங்களை அகற்றியவர் அவர். அவர் எடுத்த படத்தின் பெயரே, இங்கே அறமும் இல்லை, மனிதத்தன்மையும் இல்லை என்று அறைகிறது. அணுகுண்டுப் புகைமண்டலத்தில் தொடங்கி, கூரே நகரின் கள்ளச்சந்தைக்குள் புகுகிறது அப்படம். அடியாள் அங்கே வீரனல்லன்; தலைவர்கள் பேரம் பேசும்போது சில்லறையாகச் செலவழிக்கப்படும் இளைஞன். கத்தியையும் காட்டினார், கத்தியை வாடகைக்கு எடுத்த கையையும் காட்டினார். முன்னவை பொற்கொல்லன் கதை, பின்னது சான்று.

இன்னொரு செய்தி நெஞ்சைச் சுடும். ஒசாக்கா நகரில் 1985இல் மனித உரிமைக் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. புராக்குமின் மக்கள் பட்ட இழிவையும் அவர்தம் போராட்டத்தையும் அது காட்டியது. மாநகரும் மாவட்டமும் தந்துவந்த பொருளுதவி 2013இல் நின்றது; 2020இல் காட்சியகம் மூடப்பட்டது. நிழலுலகை நடித்துப்பார்க்கும் விளையாட்டுக்கு உலகச் சந்தை; நிழல் ஏன் விழுந்தது என்று காட்டிய கூடத்துக்குப் பூட்டு! எந்த ஓவியத்துக்குக் காசு கிடைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரால் உரைக்க முடியும்?

* * *

இப்போது சடையங்குப்பத்துக்குத் திரும்புவோம். மதிலுக்கு வெளியே நின்ற அந்த இளைஞன் இன்னும் அங்கேயே நிற்கிறான்.

ஜப்பானில் புராக்குமினுக்கு விடுதலை ஆணை பிறந்த அதே 1871இல், நம் நாட்டில் ஆங்கில ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஒரு நாடு பிறவி இழிவைத் தாளிலாவது அழித்த ஆண்டில், இன்னொரு நாட்டில் பிறவிக் குற்றம் தாளில் எழுதப்பட்டது! 1911க்குப் பின் அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைத் துப்பாக்கிகள் சுட்டு வீழ்த்தியது 1920 ஏப்ரல் 3இல். சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதும் 1952லும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது, சிந்தனையிலிருந்து நீங்கியதா?

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர். இப்பெயர்களைச் சொன்னதும் பலர் மனத்தில் எழும் படம் யாது? 1856இல் தென்னாட்டின் முதல் பயணிகள் தொடர்வண்டி புறப்பட்ட ராயபுரம் நிலையமா? 1921இல் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தமா? கடலோடு மல்லாடும் மீனவன் கையா? இல்லை, இல்லை! அரிவாள், அடுக்குச் சந்து, கழுத்தில் கைக்குட்டை கட்டிய முரடன். திரைப்படம் தந்த படம் அது. பல்லாண்டுகளாகத் தந்த படம்.

சடையங்குப்பம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் அருகே கிடக்கும் தாழ்ந்த நிலம். பூண்டி ஏரி நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது தண்ணீர் முதலில் கதவைத் தட்டும் ஊர்களுள் ஒன்று. 2021 நவம்பரில் அவ்வாறே வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அருகிலுள்ள மணலித் தொழிற்பகுதி, கடுமையாக மாசுபட்ட இடங்களுள் ஒன்று என 2009இல் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பட்டியலிட்டது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்தது; படகும் வலையும் கறுத்தன; மீனவர் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளினர். அதே மாத இறுதியில் ஒரு நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவால் மூச்சுத்திணறிப் பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர்.

கேட்கிறேன், தோழரே! ஆற்றில் எண்ணெய் கலந்ததை எவரேனும் வன்முறை என்றனரா? அந்த நள்ளிரவுக் காட்சியை எந்த அரங்கிலேனும் சிவந்த விளக்கின்கீழ் நடந்துபார்க்க வைத்தனரா? கத்திக்குத்து நடந்தால் வடசென்னை வன்முறை! காற்று நஞ்சானால் அது விபத்து! ஒன்றுக்கு ஊரின் பெயர். மற்றதற்குப் பெயரே இல்லை. பொற்கொல்லனின் கைவண்ணம் இதுதான்: கண்ணுக்கு ஒரு கள்வனைக் காட்டி, காரணத்தைக் கண்ணிலிருந்து மறைப்பது.

இதன் விலையை யார் தருகிறார்? மதிலோரத்து இளைஞன் தருகிறான். பட்டயப் படிப்பை முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போகிறான் என்று கொள்வோம். முகவரி என்ன என்ற கேள்விக்கு ஊர்ப் பெயரைச் சொல்வதா, அண்ணாநகரில் வாழும் அத்தை வீட்டைச் சொல்வதா என நெஞ்சுக்குள் ஒரு போராட்டம். ஜப்பானிய நிறுவனங்கள் பட்டியல் நூலைக் காசு கொடுத்து வாங்கின. இங்கே பட்டியல் நூல் வேண்டியதில்லை. திரை அதை இலவசமாக ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் அச்சிட்டுவிட்டது. இரவில் தெருமுனையில் நிற்கும் இருவரில் எவனை முதலில் விசாரிப்பது என்று முடிவுசெய்யும் கண்ணிலும் அதே அச்சு. ஓராண்டுவரை விசாரணையின்றி ஒருவனை அடைத்துவைக்க வழிசெய்யும் தமிழ்நாட்டுத் தடுப்புக்காவல் சட்டம் 1982 முதல் நடப்பில் இருக்கிறது. மக்கள் அதனைக் குண்டர் சட்டம் என்றே அழைக்கின்றனர். அத்தகைய கருவி உள்ள நாட்டில், குண்டன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று படம் வரைவது விளையாட்டன்று. காவலர் தயங்கிய அந்த ஒரு கணத்தை நினைவுகூர்க! அக்கணத்தில்தான் ஓவியம் வேலை செய்கிறது.

* * *

எதிர்வாதங்களும் உள. அவற்றையும் எடைபோடுவதே பகுத்தறிவு.

கலைக்கு எதற்குக் கட்டுப்பாடு, தடை போடச் சொல்கிறீரா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. 1876இன் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும், 1954இல் சென்னையில் வந்த நாடகச் சட்டத்தையும் அறிந்தவர் நாம். தடை என்னும் கருவி எவர் கையில் எவர்மீது பாயும் என்பதை அறியாதவரா? கலைஞனின் கையைக் கட்டச் சொல்லவில்லை. காண்பவன் தன் கண்ணைத் திறக்கட்டும் என்கிறோம். தடைவிதிப்பது அரசின் வேலை. கேள்வி கேட்பது அறிவின் வேலை.

காரணம் பேசிப் பேசிக் குற்றத்தை நியாயப்படுத்துகிறீரே என்று இன்னொருவர் சீறலாம். இல்லை, நண்பரே. அடியாளின் கத்திக்கு இரையாவது பெரும்பாலும் எவன்? அவன் தெருவிலேயே பிறந்த இன்னொருவன். மாமூல் தருவது எவள்? கூடை சுமக்கும் மீன்காரி. கத்தியைக் கண்டிக்கும் உரிமை எவரைவிடவும் அத்தெரு மக்களுக்கே உண்டு; அவர்களே கண்டிக்கின்றனர். காரணத்தைக் காட்டுவது குற்றத்தைக் கழுவுவதற்கன்று. அடுத்த கத்தி முளைக்காமல் தடுப்பதற்கு. கொசுவைக் கொன்றால் போதாது, குட்டையைத் தூர்க்க வேண்டும் என்பவனைக் கொசுவின் நண்பன் என்பாரும் உண்டோ?

மூன்றாவது வாதமே கடினமானது. அதை எழுப்புபவன் அந்த மதிலோரத்து இளைஞனே. அவன் கேட்கிறான்: "ஐயா, அந்தப் படங்களை நான் விரும்பித்தானே பார்க்கிறேன்! வேறெங்கும் எங்கள் தெருவைக் காட்டுவதில்லை. எங்கள் பேச்சைக் கேலிக்கல்லாமல் எவரும் பேசுவதில்லை. அங்கேயாவது எங்களில் ஒருவன் நடுவில் நிற்கிறான். அவனைக் கண்டு மற்றவர் அஞ்சுகின்றனர். அதையும் பறிக்க வருகிறீரா?"

இதற்கு விடை சொல்லுமுன் நாம் தலைகுனிய வேண்டும். மதிப்பு மறுக்கப்பட்டவன் அச்சத்தையாவது ஈட்ட நினைக்கிறான். எட்டு, ஒன்பது, மூன்று என்ற உதவாச் சீட்டைப் பெயராக அணிந்தவனின் நெஞ்சமும் இதுவே. அந்தப் பெருமிதத்தை நகைக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் தம்பி, உன்னைக் கண்டு அஞ்சுபவன் உனக்கு வேலை தரமாட்டான், வீடு தரமாட்டான், உன் சொல்லைச் சான்றாக ஏற்கவும் மாட்டான். அச்சம் மதிப்பின் போலி நாணயம். கொடுக்கும்போது கனக்கும், கடையில் செல்லாது. உன்னை நடுவில் நிறுத்திய திரை, உன்னை அங்கேயே நிறுத்திவிட்டுப் போய்விடுகிறது.

நம் திரையிலும் பொற்கொல்லன் வழியை விட்டு விலகியோர் உண்டு. 2014இல் பா. இரஞ்சித் எடுத்த மெட்ராஸ், ஒரு சுவரின் உரிமைக்காக இளைஞர் பலியாவதைக் காட்டி, அச்சுவரால் ஆதாயம் பெறுவோர் யார் என்று கேட்டது. அவரே 2021இல் சார்பட்டா பரம்பரையில், வடசென்னையின் குத்துச்சண்டைக் கலையையும் அதைப் போற்றிய உழைப்பாளரையும் நிறுத்தினார். 2018இல் வெற்றிமாறனின் வடசென்னை, சாலையின் பெயரால் கடலோர மக்களின் நிலம் பறிபோக இருப்பதைக் கதையின் நடுவில் வைத்தது. ஆயினும் அப்படத்தின் சில காட்சிகள் தம்மை இழிவாகக் காட்டுகின்றன என மீனவர் குரல் எழுப்பினர், இயக்குநர் வருத்தம் தெரிவித்தார், காட்சி நீக்கப்பட்டது. இதை ஓர் இழுக்காக நான் கருதவில்லை. படமெடுத்தவனும் படமாக்கப்பட்டவனும் நேருக்கு நேர் நின்று பேசிய நற்காட்சி அது. கோவலனுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவனைப் பற்றிப் பேசினர், அவனிடம் எவரும் பேசவில்லை.

இன்னும் ஒருபடி மேலே போனவரும் உளர். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, மலக்குழியில் மாண்டோரின் குடும்பங்களைப் படமெடுத்த ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார், வடசென்னை இளைஞர் கையிலேயே கருவியைத் தந்து பயிற்றினார். அவர்கள் எடுத்த படங்கள் சென்னையில் காட்சிக்கும் வைக்கப்பட்டன. தம் ஊரைத் தாமே காட்டும் உரிமை! காட்சிப்பொருளாக நின்றவன் காட்சிக்காரனாக மாறும் புரட்சி அது. அதற்கு ஒலியும் புகையும் தேவைப்படவில்லை.

* * *

ஆகவே, சடையங்குப்பத்துக் கிடங்கில் அந்தக் கண்காட்சி ஒருநாள் உண்மையாகவே வருமானால், வரட்டும். கதவை உடைக்க வேண்டாம், கல்லெறிய வேண்டாம். உள்ளே போங்கள். போகும்போது மூன்று கேள்விகளை எடுத்துச் செல்லுங்கள். கத்தி தெரிகிறது, அதை வாடகைக்கு எடுத்த கை தெரிகிறதா? படமாக்கப்பட்டவன் இங்கே பேசுகிறானா, அவனைப் பற்றிப் பிறர் பேசுகின்றனரா? வெளியே வரும்போது, மதிலோரம் நிற்பவனிடம் நாலு சொல் பேசத் தோன்றுகிறதா, பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிறதா?

பையைத் தொடத் தோன்றினால், நீங்கள் பார்த்தது கலையன்று, பொற்கொல்லனின் சொற்பொழிவு.

கலை எதுவென்று அதே காப்பியம் காட்டுகிறது. கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்தாள். என் கணவன் அழகன் என்றாளா? கள்வர் கலைக்கு எதிர்க்கலை பேசினாளா? இல்லை. தன் காற்சிலம்பினுள் இருப்பது மாணிக்கப் பரல் என்றாள். அரசியின் சிலம்பிலோ முத்து. கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை உடைத்தாள்! மாணிக்கம் தெறித்தது. வெளியே ஒன்றுபோல் மின்னிய இரண்டு சிலம்புகளின் உள்ளே இருந்த வேறுபாடு அந்த ஒரு நொடியில் அவை முழுவதற்கும் தெரிந்தது. அரியணையில் இருந்தவனுக்கும் தெரிந்தது. கள்வன் எங்கோ சந்தில் இல்லை, தீர விசாரியாமல் தீர்ப்பளித்த தானே அவன் என்று உணர்ந்து சாய்ந்தான் மன்னன்.

சிலம்பின் வேலைப்பாட்டை வியப்பவர் வியக்கட்டும். நமக்கு வேண்டியது அதை உடைத்துக் காட்டும் கை.